ஜக்கூரில் தொடங்கிய இறுதிப் பயணம்: நடிகை சௌந்தர்யாவின் வாழ்க்கை

கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் முல்பாகலில் பிறந்த சௌந்தர்யாவின் இயற்பெயர் சௌமியா. மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டு, 1992-இல் கன்னடத் திரையுலகில் அடியெடுத்து வைத்தார். அடுத்த ஆண்டே 'பொன்னுமணி' மூலம் தமிழுக்கு வந்தார். 'அருணாச்சலம்', 'காதலா காதலா', 'படையப்பா' ஆகிய படங்களால் தமிழ் ரசிகர்களின் அபிமானத்தைப் பெற்ற அவர், தெலுங்கிலும் முன்னணி நாயகியாகத் திகழ்ந்தார்.

நடிப்போடு நின்றுவிடாமல், அணைக்கட்டு நீரில் மூழ்கவிருக்கும் தீவை விட்டு வெளியேற மறுக்கும் குடும்பத்தின் கதையான 'த்வீபா' என்ற கன்னடப் படத்தைத் தயாரித்து, அதில் நாயகியாகவும் நடித்தார். கிரீஷ் காசரவள்ளி இயக்கிய அப்படம், 49-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது.

2004 ஏப்ரல் 17 அன்று, மக்களவைத் தேர்தலில் பாஜகவுக்காகப் பிரசாரம் செய்ய, சகோதரர் அமர்நாத்துடன் பெங்களூரு ஜக்கூர் விமான தளத்திலிருந்து கரீம்நகருக்குப் புறப்பட்டார். அவர்கள் சென்ற செஸ்னா 180 ரகச் சிறிய விமானம், மேலெழுந்த சில நிமிடங்களிலேயே அருகிலுள்ள வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து தீப்பற்றியது. விமானி உள்பட நால்வரும் உயிரிழந்தனர்.

அவர் நடித்து முடித்திருந்த 'ஆப்தமித்ரா' அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. அதில் அவர் ஏற்ற வேடத்தையே, 2005-இல் வெளியான 'சந்திரமுகி'யில் ஜோதிகா ஏற்றார்.