நாற்பத்திரண்டு வயதில் திறந்த கதவு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மனித வாழ்வில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் உண்டு என்பார்கள். படிக்க ஒரு பருவம். விளையாட ஒரு பருவம். உழைத்துப் பொருள் தேட ஒரு பருவம். அந்தப் பருவத்தை ஒருவன் தானே தவறவிட்டால் குற்றம் அவனுடையது. ஆனால் பருவம் வந்த பின்னும் பிறர் கதவைச் சாத்தி வைத்திருந்தால் அவன் என்ன செய்வான்? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்த ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பெயர் சாட்செல் பேஜ். அமெரிக்க நாட்டின் பேஸ்பால் வீரர்.

சுழலும் பந்து காற்றில் ஏன் வளைந்து செல்கிறது என்பதைச் சென்ற ஆண்டு எங்கள் விரிவுரையாளர் வகுப்பில் விளக்கினார். கிரிக்கெட்டோடு நிறுத்தாமல் பேஸ்பாலையும் எடுத்துக்காட்டாகச் சொன்னார். அதைத் தேடி நூலகத்துக்குப் போன நான், இயற்பியலை மறந்து இந்த மனிதரின் கதையில் மூழ்கிவிட்டேன்.

நம்மில் பலர் பேஸ்பால் பார்த்ததில்லை. கிரிக்கெட்டைப் போலவே அதிலும் ஒருவர் பந்தை வீச, மற்றொருவர் மட்டையால் அடிக்கிறார். ஆனால் வீசுபவர் ஓடி வருவதில்லை. ஒரு சிறு மேட்டில் நின்றபடியே எறிகிறார். பந்து தரையில் பட்டு எழுவதும் இல்லை. இருவருக்கும் இடையே சுமார் 18 மீட்டர் தூரம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை வினாடிகூட ஆகாது. அதற்குள் மட்டைக்காரர் பந்தைப் பார்த்து, முடிவு செய்து, அடித்தாக வேண்டும். வேகமும் குறியும் ஒருசேர அமைந்த வீச்சாளர் கிடைத்தால் ஓர் அணியின் தலைவிதியே மாறிவிடும்.

மூட்டை சுமந்த சிறுவன்

1906 ஜூலை 7ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் ஏழைக் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார் லீராய் ராபர்ட் பேஜ். தந்தை தோட்ட வேலை செய்தார். தாய் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். சிறுவன் இரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்தான். ஒவ்வொரு பையாகத் தூக்கினால் கூலி போதவில்லை. ஆகவே ஒரு கம்பில் பல பைகளைக் கோத்துச் சுமக்க ஒரு வழி கண்டான். கைப்பை என்று பொருள்படும் 'சாட்செல்' என்ற பெயர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது என்று பிற்காலத்தில் அவரே சொல்வதுண்டு.

பன்னிரண்டு வயதில், சில்லறைப் பொருள்களைத் திருடியதற்காக அவரைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே கழிந்தன. ஆனால் அங்கேதான் எட்வர்ட் பேர்ட் என்ற பயிற்சியாளர் அவருக்கு முறையாகப் பந்து வீசக் கற்றுத் தந்தார். வறுமை அவரை அடைத்து வைத்த இடத்திலேயே அவருடைய கல்வியும் நடந்தது!

ஊர் ஊராய் ஒரு வாழ்க்கை

1924இல் சொந்த ஊர் அணியில் ஆடத் தொடங்கினார். 1926இல் சட்டனூகா அணியில் சேர்ந்து அதையே தொழிலாகக் கொண்டார். அன்றைய அமெரிக்காவில் பெரிய லீக் அணிகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத சட்டம் அது. ஆயினும் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். எனவே கறுப்பின மக்கள் 'நீக்ரோ லீக்' என்ற பெயரில் தனியே அணிகள் அமைத்து ஆடினர். பர்மிங்காம், பிட்ஸ்பர்க், கான்சாஸ் சிட்டி என்று பேஜ் ஆடிய அணிகள் பல.

அவருடைய குறி தவறாத கை பற்றிக் கதைகள் பல உண்டு. மட்டைக்காரரின் முன்னால் கிடக்கும் பலகையின் அகலம் 17 அங்குலம். பேஜுக்கு அது பெரிதாகத் தோன்றியதோ என்னவோ, சூயிங்கம் சுற்றிய சிறு காகிதத்தைத் தரையில் வைத்து அதற்கு மேலாகப் பந்தெறிந்து பழகுவாராம். வீசும் கையை நடுவில் ஒரு கணம் நிறுத்திப் பின்பு எறியும் தந்திரம் ஒன்றும் அவரிடம் இருந்தது. பந்து வரும் என்று மட்டையைச் சுழற்றியவர் ஏமாந்து நிற்பார்.

கூட்டம் அவரைக் காண அலைமோதியது. ஆனால் ஆட்டம் முடிந்ததும், கைதட்டிய அதே ஊரின் உணவு விடுதி அவருக்குச் சோறு போடாது. தங்கும் விடுதி அறை தராது. பல இரவுகள் அந்த வீரர்கள் பேருந்திலேயே உறங்கினர்.

அவர் குறையில்லாத மனிதர் அல்லர். கூடுதல் பணம் கிடைத்தால் ஒப்பந்தத்தை உதறிவிட்டு வேறு அணிக்குப் போய்விடுவார். 1937இல் பிட்ஸ்பர்க் அணியை விட்டு டொமினிகன் குடியரசுக்கே போனார். அங்கே சர்வாதிகாரி ட்ருஹியோவின் பெயர் தாங்கிய அணிக்காக ஆடினார். இதைக் குற்றமென்று சொல்வது எளிது. ஆனால் நியாயமான சந்தையிலே தம் உழைப்பை விற்க உரிமை இல்லாதவர், கிடைத்த சந்தையிலே விற்றார் என்றும் சொல்லலாமன்றோ?

அடுத்த ஆண்டு மெக்சிகோவில் ஆடும்போது கை வலி கண்டது. தூக்கவே முடியாத அளவுக்கு வலி. அவர் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியின் உரிமையாளர் வில்கின்சன் மட்டும் அவரைக் கைவிடாமல், ஊர் சுற்றி ஆடும் தம் இரண்டாம் அணியில் இடம் கொடுத்தார். கை மெல்லத் தேறியது. 1942இல் நீக்ரோ லீக்கின் இறுதிப் போட்டியில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியை மோனார்க்ஸ் வென்றபோது பேஜ் அதில் பெரும்பங்கு வகித்தார்.

கதவு திறந்தது

1947 ஏப்ரல் 15ஆம் நாள், ஜாக்கி ராபின்சன் என்ற இளைஞர் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார். எழுதப்படாத சட்டம் உடைந்தது. அந்த முதல் இடம் தமக்கு வரவில்லையே என்று பேஜ் மனம் வருந்தினார். வருந்தாமல் இருக்க முடியுமா?

1948 ஜூலை 7ஆம் நாள், அதாவது தம் 42ஆம் பிறந்தநாளில், கிளீவ்லாந்து அணியில் அவர் ஒப்பந்தமானார். உரிமையாளர் பில் வீக் விளம்பரத்துக்காகக் கிழவரைச் சேர்க்கிறார் என்று ஏளனம் எழுந்தது. உண்மை வயதென்ன என்று எல்லோரும் கேட்டனர். பிறந்த தேதி எழுதிய பைபிளை ஆடு தின்றுவிட்டது என்று சொல்லிச் சிரிக்க வைத்தார் பேஜ். பதிலைக் களத்தில் வைத்திருந்தார். ஆகஸ்ட் 20ஆம் நாள் கிளீவ்லாந்தில் 78,382 பேர் கூடினர். சிகாகோ அணியை ஒரு ஓட்டம்கூட எடுக்க விடாமல் அவர் வென்றார். அந்த ஆண்டில் அவர் கணக்கில் ஆறு வெற்றி, ஒரே ஒரு தோல்வி. கிளீவ்லாந்து உலகத் தொடரையும் வென்றது. அத்தொடரில் பந்து வீசிய முதல் கறுப்பின வீச்சாளரும் அவரே.

1965 செப்டம்பர் 25ஆம் நாள், 59 வயதில், கான்சாஸ் சிட்டி அணிக்காக மீண்டும் ஒருமுறை மேடேறினார். வேடிக்கைக்காக அவருக்கு ஒரு சாய்ந்தாடும் நாற்காலியும் ஒரு செவிலியும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் அவர் வீசிய மூன்று பகுதிகளில் எதிரணியால் ஒரே ஒரு முறைதான் பந்தை அடித்துத் தளத்தை எட்ட முடிந்தது. 1968இல் அவருக்கு ஓய்வூதியம் கிடைக்க 158 நாட்கள் குறைந்தன. அதை நிரப்பவே அட்லாண்டா அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1971இல் பேஸ்பால் புகழ்க்கூடம் அவரைத் தேர்ந்தெடுத்தது. முதலில் கறுப்பின வீரர்களுக்குத் தனிப்பகுதி என்றார்கள். புகழிலும் தனிப்பந்தியா என்று எதிர்ப்பு எழுந்த பின்னரே சமமான இடம் கிடைத்தது. 1982 ஜூன் 8ஆம் நாள் அவர் மறைந்தார். நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று 2020இல்தான் ஒப்புக்கொண்டார்கள். 2024இல் அந்த ஆட்டங்களின் கணக்குகளும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன.

நானும் ஒரு வயதும்

என் வகுப்பில் சிலர் என்னை 'அண்ணே' என்று அழைப்பது நண்பர்களுக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பின் ஓராண்டு வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினேன். வீட்டு நிலைமை அப்படி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு வருடம் வீணாயிற்றே என்ற கூச்சம் எனக்கு நெடுநாள் இருந்தது. பேஜின் கதையைப் படித்த அன்று அந்தக் கூச்சம் போயிற்று.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். பேஜின் பொறுமையை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது தவறு. ஜாஷ் கிப்சன் என்றொரு மாபெரும் ஆட்டக்காரர் இருந்தார். பேஜோடும் ஆடியவர், பேஜை எதிர்த்தும் ஆடியவர். ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்னால், 35 வயதில் அவர் இறந்துபோனார். கதவு திறந்தபோது அவர் இல்லை. பேஜ் நாற்பத்திரண்டிலும் வென்றார் என்பது பேஜின் பெருமை. நாற்பத்திரண்டு வரை நிற்க வைத்தது கதவைச் சாத்தியவர்களின் சிறுமை. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

பன்னிரண்டாம் வகுப்பில் என் பக்கத்தில் அமர்ந்து, என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டவன் ஒருவன் இருந்தான். மண்டிக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனோம். நான் வந்துவிட்டேன், அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். இந்த ஆண்டு சேர்க்கை விண்ணப்பம் கொடுக்கும்போது அவனுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போகப் போகிறேன். வயதாகிவிட்டதே என்று அவன் சொன்னால், சொல்வதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது.