நீதிபதி ரானடே நம்பிய கடவுள்

கிர்காவ் பக்கம் போய்வரும் நம் டோம்பிவிலி உறுப்பினர்கள் பிரார்த்தனா சமாஜ் என்ற பெயரைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்திருப்பார்கள். மயிலாப்பூர் லஸ்ஸில் உள்ள ரானடே நூலகமும் நம்மில் பலருக்குத் தெரியும். இரண்டோடும் தொடர்புடைய மகான் மகாதேவ கோவிந்த ரானடேயைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

1842 ஜனவரி 18 அன்று நாசிக் ஜில்லா நிபாடில் சித்பாவன பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். பம்பாய் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவராக 1862ல் தேறினார். 1885ல் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை பிறந்தபோது உடனிருந்தார். 1893ல் ஹைகோர்ட் நீதிபதியானார்.

கடவுளை ஏற்பவர்களிலும் இரண்டு வகை உண்டு. கடவுள் உலகைப் படைத்து, விதிகளை வகுத்துவிட்டு, கடிகாரம் செய்தவர் போல ஒதுங்கிக்கொண்டார் என்பது டீயிசம். படைத்தவர் இன்றும் நம்மோடு இருந்து பிரார்த்தனையைக் கேட்கிறார் என்பது தீயிசம். அமெரிக்காவை நிறுவியவர்களில் ஜெபர்சன் முதல் வகைக்கு நெருக்கமானவர். பைபிளில் அற்புதங்களை ஒதுக்கி, இயேசுவின் உபதேசங்களை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டித் தொகுத்துக்கொண்டவர் அவர்.

ரானடேயும் அதே மேல்நாட்டுப் படிப்பைப் படித்தவர்தான். விக்ரக ஆராதனையையும் அவதாரங்களையும் அவர் ஏற்கவில்லை. ஆனாலும் ஒதுங்கி நிற்கும் கடவுள் அவருக்குப் போதவில்லை. 1867ல் ஆத்மாராம் பாண்டுரங்கர் தொடங்கிய பிரார்த்தனா சமாஜத்தில் சேர்ந்து அதன் தூணாக விளங்கினார். அங்கே துக்காராமின் அபங்கங்கள் பாடப்பட்டன. ஒரு தீயிஸ்டின் நம்பிக்கை என்ன என்பதை விளக்கித் தனிக் கட்டுரையே எழுதினார். மராட்டியரின் எழுச்சி பற்றி 1900ல் வெளிவந்த நூலில், அந்த எழுச்சிக்கு பக்தி மார்க்க ஸந்துகள் வழிவகுத்தார்கள் என்றார். பண்டரிபுரத்து பக்தியே ஒரு ஜனத்தை ஒன்றாக்கியது என்பது அவர் கருத்து.

இந்த நம்பிக்கைக்குச் சோதனைகளும் வந்தன. விதவா விவாகத்துக்காக வாதாடியவர், 1873ல் முதல் மனைவி காலமானதும், தந்தையின் வற்புறுத்தலால் 11 வயதுச் சிறுமியை மணந்தார். 1890ல் புனேயில் கிறிஸ்தவ மிஷனில் தேநீர் அருந்திய விவகாரத்தில், சில நண்பர்களுக்காக 1892ல் பிராயச்சித்தமும் செய்துகொண்டார். கோழைத்தனம் என்று சீர்திருத்தவாதிகளே பேசினார்கள். அந்தத் திருமணத்தை என்னாலும் நியாயப்படுத்த முடியவில்லை. ஆனால் மனைவி ரமாபாய்க்குத் தாமே கல்வி கற்பித்தார். பின்னாளில் அந்த அம்மையார் சேவா சதன் மூலம் எத்தனையோ பெண்களுக்கு வழிகாட்டினார்.

தினமும் பூஜை செய்யும் நான் விக்ரக விஷயத்தில் ரானடேயோடு உடன்படவில்லை. என்றாலும், பிரார்த்தனையைக் கேட்கும் கடவுளை நம்பியவர் மனிதர்களையும் விட்டு விலகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. திட்டிய ஊரோடும், கண்டித்த நண்பர்களோடும் கடைசிவரை இருந்தார். 1901 ஜனவரி 16 அன்று காலமானார். அவருடைய சீடர் கோகலே. கோகலேயை அரசியல் குருவாக ஏற்றவர் காந்திஜி. கோகலேக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தை நடத்தியவர் நம் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார்.

ஏதோ ஒரு சக்தி இருக்கிறது, ஆனால் அதை எதற்குக் கும்பிட வேண்டும் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று கேட்கிறார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ளாமல், இதே கேள்வியை எதிர்கொண்ட ரானடேயின் கதையைச் சொல்லலாமே.