கட்டடக் கலைஞர் ஜார்ஜ் விட்டெட்

சந்திரகிரி இராஜமகாலைக் காணக் குழந்தைகளோடு செல்லும்பொழுதெல்லாம், இதைக் கட்டியவர் யார் என்னும் கேள்வி எழுகிறது. விஜயநகர அரசர்களின் பெயரைச் சொல்லி ஒருவாறு தப்பித்துக்கொள்கிறோம். அளவெடுத்துக் கோடிட்ட ஸ்தபதியின் பெயரை யார் அறிவார்? ரேணிகுண்டா வழியே வண்டியேறி மும்பை செல்லும் நம்மவர் அங்குக் கண்டு களிக்கும் கேட்வே ஆப் இந்தியாவுக்கோ அக்குறை இல்லை. அதனை வரைந்தவர் ஜார்ஜ் விட்டெட் ஆவார்.

1878-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்த விட்டெட், 1904-இல் பம்பாய் வந்து, அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஜான் பெக்கிடம் உதவியாளராக அமர்ந்தார். பின்னர் அப்பதவியையே அடைந்தார். பொருட்காட்சிசாலைக்கு அவர் அமைத்த கவிகை, பிஜாப்பூர் கோல் கும்பஸைத் தழுவியது. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திறங்கிய துறையில் நின்றது வெறும் அட்டை மாதிரியே! விட்டெட்டின் 85 அடிக் கல்வாயில் 1924-இல்தான் திறக்கப்பட்டது. 1948-இல் கடைசி ஆங்கிலப் படை அதன் வழியாகவே வெளியேறிற்று.

இவை பலரும் அறிந்தவை. நாம் சொல்லவந்தது வேறு. பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் கட்டடக்கலை வகுப்புத் தொடங்கியதே வரைபடம் எழுதுவோரைப் பழக்குவதற்குத்தான். வரைபடம் எழுதுவோர் நிலை எத்தகையது? ஓர் அலுவலகத்தில் நாமே கண்டதுண்டு: இரவெல்லாம் விழித்து வரைந்தவர் ஒருவர், படத்தின் மூலையில் கையொப்பம் வேறொருவருடையது. அவருக்காகப் பேச ஒரு சங்கம் இருந்ததா என்று அப்பொழுது நாம் கேட்கவில்லை. இன்று அதற்கு வெட்கப்படுகிறோம்.

1917 மே 12-ஆம் நாள் அப்பள்ளியின் பழைய மாணவர்கள் கூடிக் கட்டடக்கலை மாணவர் சங்கம் ஒன்றை நிறுவினர். பேராசிரியர் ராபர்ட் கேபிள் வழிகாட்டினார். முதல் தலைவராயிருக்க இசைந்தவர் விட்டெட். அரசாங்க மாளிகைகளை எழுப்பிப் புகழ் பெற்றவர், மாணவர் சங்கத்துக்குத் தம் பெயரைத் தந்தார். ஆட்சி முறையில் அவர் ஆள்வோர் பக்கத்தவரே, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அவ்விளைஞர்களின் சொல்லுக்கு அப்பெயர் எவ்வளவு பலம் சேர்த்திருக்கும் என்பதை, விழாவுக்குத் தலைவர் தேடி அலைந்த நம் சங்கத்தார் நன்கு உணர்வர்.

சங்கம் 1922-இல் பம்பாய்க் கட்டடக்கலைச் சங்கமாயிற்று. 1929-இல் இந்தியக் கட்டடக் கலைஞர் கழகம் எனும் பெயர் பூண்டு நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. அப்பெயரோடு இன்றும் இயங்கி வருகிறது.

பிற்காலத்தில் டாட்டா நிறுவனத்தில் பணியாற்றிய விட்டெட், அதைக் காண இருக்கவில்லை. 1926-இலேயே பம்பாயில் காலமானார். அவர் உடல் சீவ்ரி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.