மக்களையும் பெயரில் சேர்த்த மாமனிதர் – டி. வி. சுந்தரம் ஐயங்கார்

பொருள் ஈட்டுதல் ஒரு கலை. ஈட்டிய பொருளைக் காத்தல் மற்றொரு கலை. இவ்விரண்டினும் அரியது ஒன்றுண்டு. தான் கண்ட தொழிலைத் தனக்குப் பின்னும் தழைத்து நிற்குமாறு தக்கவர் கையில் ஒப்படைத்துச் செல்லுதலே அது. தந்தை வைத்த கடையைப் பிள்ளைகள் பூசலிட்டு மூடிய கதைகள் ஊர்தோறும் உண்டு. அவ்வாறன்றி, ஒரு நூற்றாண்டுக்கு மேலும் ஒரு குடும்பத் தொழில் வாழையடி வாழையாக வளர்ந்ததற்கு வித்திட்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்தல் பொருத்தமுடையதாகும். மதுரை நகருக்குப் பெருமை தேடித் தந்த திரு. டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்களே அப்பெரியார்.

நெல்லைச் சீமையில் மகேந்திரகிரி மலையடிவாரத்தில், நம்பிராயர் கோயிலால் புகழ்பெற்ற திருக்குறுங்குடியில், 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையாரின் விருப்பப்படி வழக்குரைஞர் தொழிலில் புகுந்தார். பின்னர் ரயில்வேயிலும், அதன்பின் வங்கியிலும் பணிபுரிந்தார். மாதச் சம்பளமும் மதிப்பும் உடைய உத்தியோகமே வாழ்வின் பேறு என்று நடுத்தரக் குடும்பத்தார் எண்ணியிருந்த காலம் அது. அந்நிழலை விட்டு வெளியே வந்து, மோட்டார் வண்டி என்னும் புதுமையை நம்பித் தொழில் தொடங்குவதற்குத் தனித்துணிவு வேண்டும். அத்துணிவு அவரிடம் இருந்தது. 1911இல் மதுரையில் தம் நிறுவனத்துக்கு அடிகோலினார்.

மாட்டு வண்டியே மக்களுக்குப் பெருந்துணையாக இருந்த நாளில், குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் போய்ச் சேரும் பேருந்துகளை அவர் ஓட்டினார். டி.வி.எஸ். வண்டி வருவதைக் கண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்தில் பேசிக்கொள்ளும் அளவுக்கு அந்நேர ஒழுங்கு பெயர் பெற்றது. பேருந்தைத் தொடர்ந்து வாகன விற்பனை, பழுது பார்க்கும் பட்டறை, உதிரிப் பாகங்கள், டயர் புதுப்பித்தல் எனத் தொழில் கிளைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பஞ்சம் வந்தது. அப்போதும் அவர் கைகட்டி நிற்கவில்லை. கரியிலிருந்து உண்டாகும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியைச் செய்வித்து, வண்டிகள் நில்லாமல் ஓட வழி கண்டார்.

இவையெல்லாம் தொழில் திறமைக்குச் சான்றுகள். நாம் உன்னி நோக்க வேண்டியது மற்றொன்று. நிறுவனத்தின் பெயரிலேயே தம் பெயருக்குப் பின் அண்ட் சன்ஸ் என்று மக்களையும் சேர்த்து அவர் எழுதினார். பெயரளவில் சேர்த்ததோடு நின்றாரில்லை. தாம் உயிரோடிருக்கும் காலத்திலேயே நிர்வாகப் பொறுப்பை மக்களின் கையில் ஒப்படைத்தார். சொத்தைக் கூறுபோடாமல் வேலையைக் கூறுபோட்டார் என்று சொல்வதே பொருந்தும். ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா என்னும் நான்கு மக்களின் வழியே குடும்பம் நான்கு கிளைகளாகப் படர்ந்தது. கிளைகள் வெவ்வேறு தொழில்களைக் கவனித்தபோதும், வேர் ஒன்றாகவே இருந்தது. பட்டறையில் கை கறுக்க வேலை பழகும் வழக்கமும் அக்குடும்பத்தில் நிலைத்தது. அவருடைய பேரர் வேணு சீனிவாசன் பள்ளி விடுமுறை நாட்களில் மெக்கானிக்காக வேலை செய்தவர்.

எல்லாப் பிள்ளைகளும் தந்தையின் பாதையிலேயே செல்வதில்லை. அவருடைய மகள் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். அக்காலக் குலவழக்கம் அவரை ஓர் அறைக்குள் அடைத்திருக்கும். ஆனால் அவர் டில்லி சென்று மருத்துவம் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். 1940இல் காந்தியடிகளின் ஆசியுடன் கேரளத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். பெற்றோருக்கு அம்மணம் எளிதில் ஒப்பவில்லை. எனினும் 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகே அத்தம்பதியர் நிறுவிய காந்திகிராமம், அக்குடும்பத்தின் பேருந்துகளுக்கு நிகராகவே பெயர் பெற்றது. நிறுவனத்தின் பெயரில் மக்கள் என்றது ஆண்மக்களை மட்டுமே குறித்தது. அது காலத்தின் குறை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அக்குறையைப் பிற்காலம் தீர்த்தது. கொள்ளுப்பேத்தியரான ஆரத்தி கிருஷ்ணா சுந்தரம் பாஸ்னர்ஸிலும், லட்சுமி வேணு சுந்தரம் கிளேட்டனிலும் தலைமைப் பொறுப்பேற்றனர்.

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கொடைக்கானலில் அவர் மறைந்தார். அவர் வகுத்த முறைக்குச் சோதனை அதன்பின்னரே வந்தது. 1972இல் பேருந்துகளை அரசு ஏற்றுக்கொள்ள, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. குடும்பத்துக்குப் பெயர் தந்த தொழிலே கைவிட்டுப் போயிற்று. ஆயினும் குடும்பம் சாயவில்லை. சந்தானம் 1954இலேயே சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கியிருந்தார். வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்னும் ஆலைகள் 1960க்கும் 1962க்கும் இடையில் எழுந்துவிட்டன. தந்தை விட்டுச் சென்றது பேருந்துகளை மட்டுமாயின், 1972இல் எல்லாம் முடிந்திருக்கும். அவர் விட்டுச் சென்றது தொழில் கற்ற பிள்ளைகளை.

கூட்டாக இருப்பதற்கு ஒரு காலம் உண்டு. முறையாகப் பிரிவதற்கும் ஒரு காலம் உண்டு. 2020 டிசம்பரில் குடும்பத்தார் கூடி, எந்தக் கிளை எந்த நிறுவனத்தை நடத்துகிறதோ அக்கிளைக்கே அதன் உரிமை என்று உடன்பாடு செய்துகொண்டனர். 2022இல் அது நிறைவேறிற்று. மூன்றாம் நான்காம் தலைமுறையில் உறவு விரிந்த பின்னர், பேசி எழுதிப் பிரிதலும் ஒற்றுமையின் ஒரு வடிவமே.

பொள்ளாச்சிச் சாலையை ஒட்டிய நம் மீனாட்சிபுரத்தில் மளிகைக் கடை, வாடகை வண்டி, சிறு பட்டறை என்று தொழில் நடத்தும் குடும்பங்கள் பல. நம் முதல் சிறிதாயினும் கேள்வி ஒன்றே. கணக்குப் புத்தகத்தை மகனிடமும் மகளிடமும் எப்போது காட்டுகிறோம்? உடலில் வலுவுள்ளபோதே பொறுப்பைப் பகிர்ந்தளிக்கிறோமா? வேறு வழி விரும்பும் பிள்ளைக்கு விடை கொடுக்கிறோமா? சாவியைக் கடைசி மூச்சுவரை இடுப்பில் முடிந்து வைத்திருப்பதனால் தொழில் வாழ்வதில்லை. தக்க காலத்தில் சாவியைக் கைமாற்றித் தந்தவரின் பெயரே தலைமுறை தாண்டி நிற்கிறது. திருக்குறுங்குடியில் பிறந்த அப்பெரியாரின் வாழ்வு நமக்குக் காட்டும் நெறி இதுவே. நம் குடும்பங்களும் அந்நெறி நின்று சிறப்பனவாகுக!