உச்ச நீதிமன்ற நீதிபதியையே நிறுத்தி விசாரித்த அமெரிக்க செனட்: யார் இந்த சாமுவேல் சேஸ்?

அமெரிக்க உச்ச நீதிமன்ற வரலாற்றில் பதவிநீக்க விசாரணையை எதிர்கொண்ட நீதிபதி இதுவரை ஒரே ஒருவர்தான். பெயர் சாமுவேல் சேஸ். லஞ்சம் வாங்கியதாகப் புகார் இல்லை. நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கட்சி அரசியல் செய்தார் என்பதுதான் பிரச்சினை.

1741-ல் மேரிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். வழக்கறிஞர். 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து போட்டவர்களில் ஒருவர். ஆனா, அந்த நல்ல பெயர் ரொம்ப நாள் நிற்கவில்லை. ராணுவத் தேவைக்கு மாவு வாங்கப்போகிறார்கள் என்று பதவி மூலம் தெரிந்துகொண்டு, சந்தையில் மாவை வளைத்துப்போடப் பார்த்ததாக 1778-ல் சர்ச்சை வெடித்தது. இன்றைய பாஷையில் இன்சைடர் டிரேடிங். பத்திரிகையில் புனைபெயரில் அதைப் போட்டு உடைத்தவர் அலெக்சாண்டர் ஹாமில்டன்.

அப்படியும் 1796-ல் அதிபர் வாஷிங்டன் இவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கினார். நன்னடத்தை இருக்கும்வரை ஆயுள் முழுக்கப் பதவி.

அப்படி என்னதான் செய்தார்?

அந்தக் காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஊர் ஊராகப் போய் சாதாரண வழக்குகளையும் விசாரிக்க வேண்டும். 1800-ல் வரி எதிர்ப்புக் கலகம் செய்த ஜான் ஃப்ரைஸ் மீதான தேசத்துரோக வழக்கு பிலடெல்பியாவில் சேஸிடம் வந்தது. வழக்கறிஞர்கள் வாதாடும் முன்பே, சட்டம் இதுதான் என்று தன் கருத்தை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். அவர்கள் கோபத்தில் வழக்கிலிருந்தே விலகினார்கள். ஃப்ரைஸுக்குத் தூக்குத் தண்டனை. உயிர் தப்பியது அதிபர் ஆடம்ஸின் மன்னிப்பால்தான்.

அடுத்து, ஆடம்ஸை விமர்சித்து எழுதிய ஜேம்ஸ் காலெண்டர். முக்கியமான சாட்சியை சேஸ் அனுமதிக்கவில்லை. வழக்கறிஞர்களை அடிக்கடி குறுக்கிட்டு மடக்கினார். காலெண்டருக்கு 9 மாதச் சிறை. இதே ஆண்டுத் தேர்தலில் ஆடம்ஸுக்காக வெளிப்படையாகப் பிரசாரமும் செய்தார் சேஸ். நீதிபதி என்ற கூச்சமே இல்லை.

தேர்தலில் ஜெஃபர்சன் ஜெயித்து ஆட்சி மாறியது. சேஸ் மாறவில்லை. 1803-ல் பால்டிமோரில் கிராண்ட் ஜூரி முன்பு, புதிய ஆட்சி நீதித்துறையில் செய்த மாற்றங்களையும், சொத்து இல்லாத வெள்ளையின ஆண்களுக்கு மேரிலாந்து தந்த வாக்குரிமையையும் வறுத்தெடுத்தார். ஜெஃபர்சன் தான் நேரடியாக இறங்காமல், தன் கட்சி எம்.பி. ஒருவருக்குக் கடிதம் போட்டார்.

1804 மார்ச்சில் பிரதிநிதிகள் சபை 73-32 என்ற வாக்கில் குற்றம் சாட்டியது. இது குற்றப்பத்திரிகை மாதிரி. தீர்ப்பு செனட்டின் கையில், அதுவும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். விசாரணைக்குத் தலைமை தாங்கிய துணை அதிபர் ஆரோன் பர் மீதே அப்போது கொலைக் குற்றச்சாட்டு இருந்தது. சில மாதங்கள் முன்புதான் துப்பாக்கிச் சண்டையில் ஒருவரைச் சுட்டுக் கொன்றிருந்தார். கொல்லப்பட்டவர் அதே ஹாமில்டன்!

மோசமாக நடந்துகொண்டாலே ஒரு நீதிபதியை நீக்கலாமா, இல்லை, சட்டப்படி குற்றம் செய்திருக்க வேண்டுமா? மொத்த வாதமும் இதைச் சுற்றித்தான். 34 செனட்டர்களில் 25 பேர் ஜெஃபர்சன் கட்சி. தேவைப்பட்டது 23. 1805 மார்ச் 1 அன்று எட்டுக் குற்றச்சாட்டுகளில் அதிகபட்சமாக ஒன்றுக்கு 19 வாக்குகள்தான் விழுந்தன. அதில் சொந்தக் கட்சியைச் சேர்ந்த 6 பேரே எதிர்த்து வாக்களித்திருந்தார்கள். சேஸின் நடத்தை பிடித்துப்போய் யாரும் அப்படிச் செய்திருக்க வாய்ப்பு குறைவு. இன்று சேஸ் போனால், அடுத்த ஆட்சியில் யாருடைய நீதிபதி போவார் என்ற பயம் நியாயமானது.

சேஸ் 1811-ல் இறக்கும்வரை அதே பதவியில் இருந்தார். இதுவரை 15 மத்திய நீதிபதிகள் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டு வந்து, 8 பேர் நீக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த எட்டில் ஒருவர்கூட உச்ச நீதிமன்றத்தைச் சேர்ந்தவர் இல்லை. 2023-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தங்களுக்கென நடத்தை விதிகளை வெளியிட்டார்கள். மீறினால் யார் விசாரிப்பது என்பது அதில் இல்லை.