மலைமேல் தனித்து வாழ்ந்த பெண்மணி

கொரில்லா என்றதும், மார்பில் அறைந்துகொண்டு மனிதர் மேல் பாயும் கொடிய விலங்கே பலர் நினைவுக்கு வரும். அந்த எண்ணம் தவறு என்று உலகுக்கு உணர்த்தியவர் டயான் ஃபாசி அம்மையார்.

இவர் 1932ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். கென்டக்கி மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், உடல் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தந்து தேற்றும் பணியாற்றினார். 1963இல் கடன் வாங்கி ஆப்பிரிக்கா சென்றார். அங்கே ஆதிமனித ஆராய்ச்சியாளர் லூயி லீக்கியைச் சந்தித்தார். பின்னர் அவர் அளித்த ஊக்கத்தால் மலைக் கொரில்லாக்களை ஆராயப் புறப்பட்டார்.

1967இல் காங்கோவில் தொடங்கிய ஆய்வு, உள்நாட்டுக் கலகத்தால் ஆறே மாதத்தில் நின்றது. அம்மையார் மனம் தளரவில்லை. அண்டை நாடான ருவாண்டாவின் எரிமலைத் தேசியப் பூங்காவில், கரிசிம்பி, விசோகே என்னும் மலைகளுக்கிடையே, ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் அதே ஆண்டு செப்டம்பர் 24இல் முகாம் அமைத்தார். இரு மலைகளின் பெயரையும் இணைத்து அதற்குக் கரிசோகே என்று பெயரிட்டார். ஓயாத மழை, மூடுபனி, வழுக்கும் சேறு, தொட்டால் எரியும் காஞ்சொறிச் செடிகள்! ஆஸ்துமா நோயாளியான அவர் இவற்றிடையே நாள்தோறும் மலையேறினார்.

கொரில்லாக்களை அவர் துரத்தவில்லை. அவற்றின் எதிரே குனிந்து அமர்ந்தார். அவற்றைப் போலவே இலைகளை மென்றார், உடலைச் சொறிந்தார், குரல் கொடுத்தார். மூன்றாண்டுப் பொறுமைக்குப் பரிசாக, 1970இல் 'பீநட்ஸ்' என்ற கொரில்லா தானே வந்து அவர் கையைத் தொட்டது.

மான்களுக்கு வைத்த கண்ணிகளில் கொரில்லாக்களும் சிக்கி மடிந்தன. 1977 டிசம்பர் 31இல் அவர் உயிராய் நேசித்த 'டிஜிட்', தன் கூட்டத்தைக் காக்கப் போராடி வேட்டைக்காரர்களின் ஈட்டிக்கு இரையாயிற்று. அதன்பின் அம்மையாரின் துயரம் கோபமாயிற்று. பிடிபட்ட வேட்டைக்காரர்களைக் கடுமையாக நடத்தினார். சுற்றுலாப் பயணிகள் வருவதையும் வெறுத்தார். இதனால் பகையும் வளர்ந்தது. 1985 டிசம்பரில் தம் குடிலிலேயே கொலை செய்யப்பட்டார். டிஜிட்டின் அருகிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

1981இல் விருங்கா மலைத்தொடரில் ஏறக்குறைய 250 கொரில்லாக்களே இருந்தன. 2015-16 கணக்கெடுப்பில் அவை 604 ஆகப் பெருகின. காவலர்களும் மருத்துவர்களும் மட்டுமல்ல, அவர் விரும்பாத சுற்றுலாவும் இதற்குத் துணைநின்றது! அந்த வருவாயில் ஒரு பங்கு மலையடிவார மக்களுக்குச் சேர்வதால், காடு வாழ்ந்தால் தாமும் வாழலாம் என்று அவர்கள் கண்டனர். ஆனால் ஒரு கொரில்லாக் கூட்டத்தை நாளொன்றுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம் மட்டுமே காணலாம். சளி பிடித்தவருக்கு அனுமதி இல்லை. நம் நோய் அவற்றைத் தொற்றிக்கொள்ளும்.

அன்புத் தோழியரே! அம்மையாரின் கோபத்தை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அவருடைய பொறுமையைப் பின்பற்றுவோம். காடு பிற உயிர்களின் வீடு. அங்கே விருந்தினராய்ச் செல்வோம். குரல் தாழ்த்தி, விலகி நின்று, கண்டு மகிழ்ந்து திரும்புவோம்.