ராஜேந்திர சோழன் ஆண்டது 30 வருஷமா, 33 வருஷமா? கல்வெட்டு எண்ணைப் படிப்பது எப்படி?

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்வந்த பலரும் போனில் ராஜேந்திர சோழனைத் தேடிப் பார்த்திருப்பார்கள். ஓர் இடத்தில் அவர் ஆட்சி 1012 முதல் 1044 வரை என்று இருக்கும். இன்னோர் இடத்தில் 1014-ல் தொடங்கும். சிலர் 33-ஆம் ஆட்சியாண்டு என்று எழுதுவார்கள். எது சரி? மூன்றுமே சரிதான், எண்ணும் விதம்தான் வேறு.

ராஜராஜ சோழன் 1012-ல் மகனுக்குப் பட்டம் கட்டித் தன்னோடு ஆட்சியில் சேர்த்துக்கொண்டார். 1014-ல் தந்தை இறந்த பிறகே ராஜேந்திரன் தனியாக ஆண்டார். ஆனால் அவருடைய கல்வெட்டுகள் 1012-லிருந்தே கணக்கு வைக்கின்றன. அந்த வருஷம் பூஜ்யம் இல்லை, 1. அதனால் 33-ஆம் ஆண்டைக் கண்டுபிடிக்க 32-ஐத்தான் கூட்ட வேண்டும். ஆட்சியாண்டு ஜனவரியில் தொடங்காது என்பதால் விடை 1044-45.

பழைய தமிழ் எண்ணில் 33 என்பது ௩௰௩. நம்ம பழக்கத்தில் படித்தால் 3103 போலத் தெரியும். ௰ என்றால் 10, ௱ என்றால் 100, ௲ என்றால் 1000. முன்னால் நிற்கும் எண் பெருக்கும், பின்னால் வருவது கூட்டும். மூன்று பத்து, அதோடு மூன்று. பூஜ்யத்துக்கு இங்கே வேலையே இல்லை.

இந்தக் கணக்கில் சோழர்கள் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதற்கு லெய்டன் செப்பேடுகளைப் பார்க்கலாம். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனதால் அந்தப் பெயர். ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயை ராஜராஜன் கொடுத்தார். அவர் இறந்த பிறகு அதைச் செப்பேட்டில் நிலைக்க வைத்தவர் ராஜேந்திரன். நெல் அளவு 8,943 கலம், 2 தூணி, 1 குறுணி, 1 நாழி. ஒரு கலத்துக்கு 96 நாழி. அந்த ஒற்றை நாழியையும் விடவில்லை!

இன்றைக்கு நாம் என்ன செய்வோம்? நூறுக்கு முழுமையாக்கினால் பத்தாம் இடத்தில் இருப்பது 4, ஐந்துக்குக் கீழே. எனவே 8,900. ஆயிரத்துக்கு என்றால் நூறாம் இடத்தில் 9 இருப்பதால் மேலே போய் 9,000. முதலாவதில் விகாரைக்கு 43 கலம் நஷ்டம், இரண்டாவதில் ஊர்க்காரர்கள் 57 கலம் கூடுதலாக அளக்க வேண்டும். செய்திக்கு 9,000 போதும், வரிக்குப் போதாது.

இவ்வளவு அக்கறையாகத் தானத்தைக் காத்தவர்தான் 1025-ல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கடற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றார். அதற்கு முன்பே அவர் படை கங்கை வரை போய்த் திரும்பியிருந்தது. அந்த வெற்றியின் பெயரில் எழுந்த தலைநகர் இன்று அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டம் பக்கத்தில் இருக்கிறது. அரியலூர் தனியாகப் பிரியும் முன் அது பெரம்பலூர் மாவட்டம்.

1025 வாக்கிலிருந்து சோழர் ஆட்சி முடிந்த 1279 வரை அதுவே தலைநகர். சுமார் 254 வருஷம். பத்துக்கு முழுமையாக்கி 250 என்று எழுதுவது நியாயம். நூறுக்கு முழுமையாக்கினால் 300 ஆகி, சோழர்களுக்கு 46 வருஷம் இனாமாகக் கிடைத்துவிடும்.

ராஜேந்திரன் இறந்தது பிரம்மதேசத்தில். அரசி வீரமாதேவி உடன்கட்டை ஏறியதையும் சொல்லும் அங்குள்ள கல்வெட்டு, மகன் ராஜாதிராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அப்பா இறந்த வருஷம் எப்படி மகனுக்கு 26? அவருக்கும் 1018-லேயே பட்டம் கட்டியாகிவிட்டது. 25-ஐக் கூட்டினால் 1043-44.